பெயர் சொல்லாத வீடு

சிவமயம்

துன்முகி வருஷம், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

தைப்பிங்கில் கடை நடத்தும் என் வீட்டு அவர்களுக்கு ஆவுடையாள் வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். பிள்ளையும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஊருக்கு வந்த ஆள் மூலம் நீங்கள் கொடுத்தனுப்பிய கைலியும் பிஸ்கட் டின்னும் வந்து சேர்ந்தன. டின்னை நான் திறக்காமல் அப்படியே பிள்ளையிடம் கொடுத்தேன். வாங்கி மேசை மேல் வைத்தான். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நான் கொடுத்தது பிஸ்கட்டா, கோர்ட்டு சம்மனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிள்ளை எப்படிப் பழகுகிறான் என்று கேட்டிருந்தீர்கள். வைகாசியில் உறவுமுறையெல்லாம் கூடி, மஞ்சள் தண்ணீர் குடிக்க வைத்து, அவனை நம் வீட்டுச் சுவீகாரப் பிள்ளையாகக் கூட்டிக்கொண்டோம். அந்தச் சூட்டோடு நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள். அன்றைக்கு எப்படி இருந்தானோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறான். போட்டதைச் சாப்பிடுகிறான். சொன்னதைச் செய்கிறான். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவி வைக்கிறான், விருந்துக்கு வந்த இடத்தில் கூச்சப்படுகிறவன் மாதிரி. என்னை ஆத்தா என்று ஒரு தரம் கூடக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவான், நான் திரும்பிப் பார்க்க வேண்டும். பதினாலு வயசுப் பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சவா முடியும்? கோனாபட்டில் அவனைப் பெற்ற சேதுலட்சுமிக்கு அவனையும் சேர்த்து ஐந்து ஆண் பிள்ளைகள். எனக்கு இவன் ஒருத்தன். அது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

பெயர் விஷயம்தான் பெரிய ரோதனையாக இருக்கிறது. உங்களைப் பெற்ற அப்பச்சி, என் மாமனார் பெயர் இந்த வீட்டில் மறுபடி விளங்க வேண்டும் என்றுதானே பிள்ளை கூட்டினோம். நம்மூர் ஹைஸ்கூலில் நாலாம் பாரத்தில் சேர்க்கும்போதே மாமா பெயரைத்தான் எழுதச் சொன்னேன். காலையில் கணக்கு வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இவன் எழுந்திருப்பதில்லையாம். அடம் பிடிக்கிறானா, ஞாபகம் இல்லையா தெரியவில்லை என்று ஹெட்மாஸ்டர் சொல்லியனுப்பினார். நான் விடுவேனா? வேலைக்காரி ராக்காயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நேரே போனேன். பதில் சொல்லாத நாளெல்லாம் ஆப்சென்ட் போடுங்கள், கொஞ்ச நாளில் தன்னால் வழிக்கு வருவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடக் கமிட்டியில் இருக்கும் உங்கள் பங்காளி சோலையப்பச் செட்டியாரும், ஆச்சி சொல்றதுதான் சரி, அப்படியே செய்ங்க என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலும் கண்டிப்பாகத்தான் இருக்கிறேன். பழைய பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ராக்காயி ஒருநாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியென்றால் நீ எப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்பீர்கள். மாமா பெயரை மருமகள் வாயால் சொல்வது எந்த வீட்டில் உண்டு? மதுரைக்குப் போய் வந்தால் அந்த ஊர்ச் சாமி பெயரைக் கூடச் சொல்லாமல் மீனாட்சி வீட்டுக்காரர் என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதனால் தம்பி என்பேன், இந்தாப்பா என்பேன். அது போதும்.

உங்களுக்கு ரெண்டு வரி எழுதச் சொன்னேன். கீழே அவன் கையெழுத்தைப் பாருங்கள், முத்து முத்தாக இருக்கிறது. "அப்பச்சி அவர்களுக்கு வணக்கம். நான் நன்றாகப் படித்து வருகிறேன்" என்று எழுதினான். பெயர் போடப்பா என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்படியே ஒட்டி அனுப்புகிறேன். வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆவுடையாள்

*

சிவமயம்

துன்முகி வருஷம், புரட்டாசி மாதம், புதன்கிழமை

என் வீட்டு அவர்களுக்கு ஆவுடையாள் வணங்கி எழுதியது.

கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

பிள்ளை இன்னும் வழிக்கு வரவில்லை. பெயரைக் கூப்பிடுகிறார்கள், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஆப்சென்ட் போடுகிறார்கள். முன் பெஞ்சில் முழு உருவமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட். வாத்தியார்களும் பையன்களும் இதை ஒரு வேடிக்கையாக ஆக்கிவிட்டார்களாம். இது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இன்னொரு சேதி காதில் விழுந்தது. சோலையப்பச் செட்டியார் வீட்டு ஆச்சி கோவிலில் பார்த்தபோது, ஒங்க வீட்டுப் பிள்ளை இடைவேளையில எல்லாம் சயன்ஸ் வாத்தியார் ரூம்ல போய் அழுகுதாமே, வீட்ல என்ன குறைன்னு ஊரு கேக்காதா என்றார்கள். எனக்கு அந்த இடத்திலேயே முகம் செத்துவிட்டது.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த வாத்தியார் பெயர் செபமாலை. கீரனூர்ப் பக்கத்து வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர், சின்ன வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சயன்ஸ் ரூமில் கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, வாங்க ஆச்சி, உக்காருங்க என்று மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் அறையில் என்ன வேலை என்று கேட்டேன். ஒண்ணும் வேலை இல்லைங்க, வந்து உக்காந்திருப்பான், நானும் ஒண்ணும் கேக்கிறதில்லை, இந்தக் குழாயைக் கழுவுப்பான்னு கொடுப்பேன், கழுவிக்கிட்டே ஒருநாள் அழுதான், அப்புறம் ஒருநாள் பேசினான் என்றார். இவன் மட்டும் இல்லையாம். அப்பன் பர்மாவில் என்ன ஆனான் என்றே தெரியாத ஒரு பிள்ளை வருகிறதாம். போன வருஷம் தாயைப் பறிகொடுத்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை ஹாஜா முகைதீன் வருகிறானாம். வெளியில் விளையாடப் பிடிக்காத பிள்ளைகளெல்லாம் அங்கே போய் உட்கார்ந்து கழுவின குழாயையே கழுவிக்கொண்டிருக்கிறார்களாம்.

என்ன பேசினான் என்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். அவன் என்னை நம்பிச் சொன்னதுங்க என்றார். நான் ஆத்தா, எனக்குத் தெரியக் கூடாதா என்று சத்தம் போட்ட பிறகுதான் சொன்னார். ஸ்கூல்ல கூப்பிடறது என் பேரு இல்லை சார், வீட்ல என்னைப் பேரு சொல்லி யாரும் கூப்பிடறதே இல்லை, சில நேரம் நான் இருக்கேனா இல்லையான்னே எனக்குத் தெரியலை சார் என்றானாம். வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு, ஆச்சி, தப்பா நினைக்காதீங்க, பையன் மனசு ரொம்ப ஒடைஞ்சிருக்கு, எனக்குப் பயமா இருக்கு, ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லி நீங்க கூப்பிடுங்க என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம் வழக்கம் அவருக்கு என்ன தெரியும்? நான் வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், பசித்ததா, தலை வலிக்கிறதா என்று முன்னும் பின்னும் அலைகிறேன். அழுவதற்கு மட்டும் இவனுக்கு வேறு ஆள் வேண்டியிருக்கிறது. என்னிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பானா? நேரே சோலையப்பச் செட்டியாரிடம் போய், பிள்ளைகளை அறைக்குள் வைத்து வீட்டுக் கதை கேட்கிற வாத்தியார் நமக்கு வேண்டாம், நாளைக்கு வேதத்துக்கே மாற்றிவிடுவார் என்று சொன்னேன். அது கொஞ்சம் அதிகம்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அதற்குள் கமிட்டி உத்தரவு போய்விட்டது. பாடம் நடக்கும் நேரம் தவிர சயன்ஸ் ரூம் பூட்டிக் கிடக்க வேண்டும், சாவி ஹெட்மாஸ்டரிடம் இருக்க வேண்டும் என்று.

பூட்டுப் போட்ட அன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றான். செருமவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால் கூடத் தேவலை போல் இருந்தது. நீங்கள் ஒரு வரி அவனுக்குத் தனியாக எழுதுங்கள், அதட்டி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஆவுடையாள்

*

சிவமயம்

துன்முகி வருஷம், கார்த்திகை மாதம், சனிக்கிழமை

என் வீட்டு அவர்களுக்கு ஆவுடையாள் எழுதியது.

முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள். பிள்ளை கிடைத்துவிட்டான். வீட்டில்தான் இருக்கிறான், காய்ச்சலோடு படுத்துத் தூங்குகிறான். டாக்டர் வந்து பார்த்துவிட்டார், பயமில்லை என்றார். மற்றதை நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

வியாழக்கிழமை காலையில் எப்போதும் போல டிபன் கேரியரும் புஸ்தகமும் எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளெல்லாம் மழையில் நனைந்துகொண்டு தெருவோடு போகிறார்கள், இவனைக் காணோம். ராக்காயியைக் குடையோடு அனுப்பினேன். அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். தம்பி இன்னைக்கு ஆப்சென்ட்டாம் ஆச்சி என்றாள். காலையிலேயே ஏன் சொல்லியனுப்பவில்லை என்று கணக்கு வாத்தியாரைக் கேட்டாளாம். இன்னைக்கு மட்டுமா, தெனமும் ஆப்சென்ட்தானே, நான் திரும்பியே பாக்கலையே என்று சொன்னாராம்.

நான் போடச் சொன்ன ஆப்சென்ட். உட்கார்ந்திருந்த நாளெல்லாம் இல்லை என்று எழுத வைத்தேன். நிஜமாகவே இல்லாமல் போன அன்றைக்கு ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலையிலிருந்து அவன் எங்கே இருந்தான் என்று கேட்க இந்த ஊரில் ஒரு நாதி இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருணி, கிணறு என்று புத்தி எங்கெங்கோ போயிற்று.

கருப்பனுடைய வாடகை பிளஷர் காரை வரச் சொல்லி நானும் ராக்காயியும் ஏறினோம். பள்ளிக்கூடத்து வாசலில் செபமாலை வாத்தியார் தொப்பலாக நனைந்துகொண்டு காருக்குக் குறுக்கே வந்து நின்றார். நானும் வாரேன் ஆச்சி என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இருந்தது எனக்கு.

கோனாபட்டில்தான் இருப்பான் என்று நினைத்தேன். இருந்தால் சேதுலட்சுமியை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டே போனேன். அவள் வாசலுக்கு வந்து, வாங்க ஆச்சி, ஒங்க பிள்ளையை இங்கயா தேடி வந்தீங்க என்றாள். ஒங்க பிள்ளை என்றாள். பெற்றவள் வாயிலிருந்து அதைக் கேட்டதும் நான் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். போன சனிக்கிழமை பிள்ளை நடந்தே வந்து அவள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். இவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலண்டை நின்றுகொண்டு, தம்பி, ஒங்க ஆத்தா தேடுவாக, வீட்டுக்குப் போங்க என்று சொல்லியிருக்கிறாள். பெற்ற பிள்ளையை வாங்க போங்க என்று பேசியிருக்கிறாள். நானும் பேரு சொல்லலை ஆச்சி, சொன்னா உள்ளே கூட்டிக்கிருவேன்னு பயமா இருந்துச்சு, கொடுத்த வாக்கு என்ன ஆகிறது என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். எங்களோடு வா, நீ கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வருவான் என்றேன். நான் வந்தா அவன் என்கூடத்தான் வருவான், நீங்களே போங்க என்றாள். அவளை நான் என்னென்ன நினைத்திருந்தேன் என்று இனிமேல் கேட்காதீர்கள்.

திரும்பிக் காரில் ஏறினதும் வாத்தியாருக்குத் திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. திருமயம் கோட்டைப் பாறையில் பாதி உயரத்தில் குடைந்த சின்ன அறை ஒன்று இருக்கிறதே, உள்ளே சிவலிங்கம் கூட உண்டு, ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும். சின்ன வயசில் பிள்ளை அண்ணன் தம்பிகளோடு அங்கே போவானாம். அதுக்குள்ள உக்காந்து கத்தினா நம்ம பேரு நமக்கே திரும்பி வரும் சார் என்று குழாய் கழுவும்போது ஒருநாள் சொன்னானாம். கருப்பா, திருமயத்துக்கு விடு என்றார்.

நாங்கள் போய்ச் சேரும்போது நன்றாக மசங்கி இருட்டிவிட்டது. கோட்டைக் காவலாள், மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் உள்ளே போனான், வெளியே வந்ததைப் பார்க்கவில்லை என்றான். மழை விடவில்லை. பாறை சோப்புப் போட்டது போல வழுக்கியது. மேலே அந்த அறை கறுப்பாகத் தெரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்க கூப்பிடுங்க சார் என்று வாத்தியாரிடம் சொன்னேன். எனக்குப் பதில் சொல்ல மாட்டான் ஆச்சி, ரூமைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தது நான்தானே, நீங்க கூப்பிடுங்க என்றார்.

தம்பி என்று கூப்பிட்டேன். இந்தாப்பா என்று கூப்பிட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது. மாமா என்னை மன்னிக்கட்டும், அவர்கள் பெயரையும் முழுசாகச் சொல்லிக் கத்தினேன். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் நாக்கில் வராத பெயர், அந்தப் பாறை முழுக்கக் கேட்டது. அதற்கும் பதில் இல்லை. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்துவிட்டேன். பிறகு எனக்கே தெரியாமல் அவன் பழைய பெயர் வாயில் வந்துவிட்டது. ஆதப்பா என்று கூப்பிட்டேன். ஏ ஆதப்பா என்று கூப்பிட்டேன்.

ஏன் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கூப்பிட்டால் சொல்கிற அதே ஏன்தான். சந்தைக்கு அனுப்பக் கூப்பிட்டது போல, அவ்வளவு சாதாரணமாக. நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எறங்க முடியலை, ஏணி வழுக்குது, பயமா இருக்கு என்றான். மத்தியானத்திலிருந்து இறங்கப் பயந்து உள்ளேயே இருந்திருக்கிறான். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, அவனை ஒவ்வொரு படியாகக் கால் வைக்கச் சொல்லி இறக்கிக் கொண்டுவந்தார். நானும் கொஞ்ச தூரம் பாறையில் ஏறினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வரும்போது பிள்ளை பின் சீட்டில் எனக்கும் வாத்தியாருக்கும் நடுவில் உட்கார்ந்தான். சாய்ந்தது என்னவோ வாத்தியார் தோளில்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய்.

உடனே பதில் போடுங்கள். ஹெட்மாஸ்டர் ஏதோ காகிதம் வேண்டும் என்கிறார், விசாரித்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஆவுடையாள்

*

சிவமயம்

துன்முகி வருஷம், மார்கழி மாதம், திங்கட்கிழமை

என் வீட்டு அவர்களுக்கு ஆவுடையாள் வணங்கி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்தது. படித்தேன். பிறகு மறுபடியும் படித்தேன், ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று.

பெயருக்காகத்தான் பிள்ளை கூட்டினோம், அந்தப் பெயருக்கே பதில் சொல்ல மாட்டான் என்றால் பிள்ளை எதற்கு என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்புப் போனால் போகட்டும், தையில் கப்பலேற்றி அனுப்பு, கடையில் கல்லாப் பெட்டியடியில் உட்கார வைத்துத் தொழில் பழக்குகிறேன், இங்கே வந்தால் எல்லாப் பெயருக்கும் பதில் சொல்வான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு நான் பேசினதில்லை. பேசினேன் என்றால் அது கறிக்கு உப்புக் குறைச்சல் என்கிற மாதிரி விஷயத்தில்தான். இப்போது பேசுகிறேன். நான் அனுப்ப மாட்டேன்.

ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் வைத்தோம். இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பீர்கள். அவன் என்ன வெங்கலப் பானையா? நீங்களே பதினாலு வயசில் பினாங்குக்குப் போய், கடை மாடியில் கோணிச் சாக்கில் படுத்து அழுததாகக் கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னீர்கள். உங்களை விசாரிக்க அப்போது அங்கே ஒருவரும் இல்லை என்றும் சொன்னீர்கள். சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

பள்ளிக்கூட விஷயத்தைச் சொல்கிறேன். ஆஜர் போதாததால் இந்த வருஷம் பரீட்சைக்கு விட முடியாது, நாலாம் பாரத்திலேயே இன்னொரு வருஷம் உட்கார வேண்டும் என்கிறார் ஹெட்மாஸ்டர். ஒரு வழி இருக்கிறதாம். பெயரை மறுபடி ஆதப்பன் என்றே மாற்றச் சொல்லியும், பெயர்க் குழப்பத்தால்தான் வந்திருந்த நாளிலும் ஆப்சென்ட் விழுந்தது என்றும், தகப்பனார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர் மேலே எழுதி அனுமதி வாங்குவாராம். குழப்பம் பண்ணினது நான்தான், நான் போடுகிறேன் என்றேன். பொம்பளை கையெழுத்துச் செல்லாது ஆச்சி, தகப்பனார் போடணும் என்றார். சயன்ஸ் வாத்தியார் ஒவ்வொரு பாடத்து வாத்தியாரிடமும் போய், இவன் வகுப்பில் இருந்தான் என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறார். கணக்கு வாத்தியார் கூடக் கொடுத்துவிட்டார். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

சோலையப்பச் செட்டியாரை வீட்டுக்கு வரச் சொல்லி, சயன்ஸ் ரூம் பூட்டைப் பற்றிப் பேசினேன். அன்னைக்கு நீங்கதானே ஆச்சி பூட்டச் சொன்னீங்க என்று சிரித்தார். ஆமாம், அன்றைக்கு நான்தான் சொன்னேன், இன்றைக்கும் நான்தான் சொல்கிறேன், திறந்துவிடுங்கள் என்றேன். நாளைக்கு உங்கள் பேரனுக்கும் ஒருநாள் அழ ஒரு இடம் வேண்டியிருக்கும் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. போன வாரம் திறந்துவிட்டார்கள். ஆதப்பன் போகிறான். ஹாஜா முகைதீனும் போகிறானாம். அங்கே என்ன பேசினாய் என்று நான் கேட்பதில்லை. கேட்கவேண்டும் போல வாய் துறுதுறுவென்று இருக்கும், அடக்கிக்கொள்கிறேன்.

மாமா பெயரை நான் தள்ளிவிடவில்லை. சொத்துப் பத்திரத்தில் இருக்கட்டும், கோவில் வரிக் கணக்கில் இருக்கட்டும், நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில் இருக்கட்டும். அவனே ஒருநாள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கட்டும், அவசரம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அவன் ஆதப்பன். நான் வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறேன். தெருக்கோடி வரை கேட்கிறது என்று ராக்காயி சொல்கிறாள். கூப்பிட்டால் ஏன் என்று பதில் வருகிறது. இந்த வீடு இவ்வளவு பெரிசு, இதில் ஒரு குரல் திரும்பி வருவது எப்படி இருக்கிறது என்று நீங்கள் வந்து கேட்டால்தான் தெரியும்.

என்னை இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. இப்போதும் செருமல்தான். அது வரும்போது வரட்டும், வராவிட்டாலும் இருக்கட்டும். அதற்காக அவனைக் கப்பலேற்ற மாட்டேன்.

நீங்கள் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நானும் உங்களிடம் இதுவரை வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, தை பிறப்பதற்குள் இங்கே கிடைக்கும்படி ஏர்மெயிலில் அனுப்புங்கள். மாமாவும் மாமியாரும் மேலேயிருந்து உங்களுக்கு அந்த மனசைக் கொடுப்பார்கள்.

கீழே ஆதப்பனுக்கு இடம் விட்டிருக்கிறேன். நான் படிக்க மாட்டேன், நீயே எழுதி ஒட்டித் தபாலில் போட்டுவிடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறானோ, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஆரோக்கியத்தைப் பிள்ளையார்பட்டியார் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஆவுடையாள்

அப்பச்சி அவர்களுக்கு வணக்கம்.

எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் அப்பச்சியான ஐயா பெயரைச் சொன்னால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இன்னும் சட்டென்று தோன்றுவதில்லை. பழகிக்கொள்ளப் பார்க்கிறேன். நீங்கள் அனுப்பிய பிஸ்கட்டை நேற்றுத் திறந்து சாப்பிட்டோம், கொஞ்சம் நமுத்துப்போய்விட்டது.

ஆத்தா அன்றைக்குக் கோட்டையில் பாறை சறுக்கி விழுந்துவிட்டார்கள். முழங்கால் இன்னும் வீங்கியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து யாராவது வந்தால் ஆத்தாவுக்கு ஒரு புட்டி தைலம் கொடுத்தனுப்புங்கள். நான் தேய்த்து விடுகிறேன்.

எழுதும்போது ஆத்தா என்று வருகிறது. கூப்பிடத்தான் இன்னும் வாய் வரவில்லை. இதை அவர்களுக்கு எழுதிவிடாதீர்கள், நானே சொல்கிறேன்.

ஆதப்பன்